அருங்காட்சியகமும் அயலார் பொருளும்

தரங்கம்பாடிக்குச் செல்வோர் பலரும் கடலை நோக்கி நிற்கும் டேன்ஸ்போர்க் கோட்டையைக் கண்டு, அலையோசையைச் சிறிது நேரம் கேட்டுவிட்டுத் திரும்பிவிடுவர். அக்கோட்டைக்கு அண்மையிலேயே, 1706ஆம் ஆண்டு சூலைத் திங்களில் அவ்வூர்க் கரையில் வந்திறங்கிய லுத்தரன் மறைத்தொண்டர் பர்த்தலோமேயு சீகன்பால்கு வாழ்ந்த இல்லமும் உண்டு. ஜெர்மனியின் ஹாலே நகரத்திலுள்ள பிராங்கே அறநிறுவனமும் தமிழ்ச் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையும் கைகோத்து, ஜெர்மானிய அரசின் பொருளுதவியோடு அவ்வில்லத்தைச் சீர்செய்து, 2017ஆம் ஆண்டில் சிறியதோர் அருங்காட்சியகமாகத் திறந்துவைத்தன. கோட்டையிலோ நம் மாநிலத் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இருக்கிறது. டென்மார்க்கு நாட்டுத் தேசிய அருங்காட்சியகமும் அந்நாட்டு ஆர்வலர் சங்கமும் அவ்வூரின் பழங்கட்டடங்களைப் புதுப்பிக்கத் துணைநின்றன. ஒரு சிற்றூரின் வரலாற்றைக் காக்க இத்தனை நாட்டார் பொருள் தருவது தமிழகத்தில் வேறெங்கும் எளிதிற் காணக்கூடியதன்று. எனவேதான், நம் நாளில் சிறிய அருங்காட்சியகங்கள் எதிர்கொள்ளும் ஒரு வினாவைத் தரங்கம்பாடியை முன்வைத்து எண்ணிப் பார்க்க விழைகின்றோம்.

வினா இதுதான். ஓட்டுக்கூரை ஒழுகுகிறது, மரச்சட்டங்களைக் கறையான் அரிக்கிறது என்று விண்ணப்பித்தால் செவிசாய்ப்போர் சிலர். "இணையதளத்தைப் புதுப்பிக்கிறோம், பொருள்களையெல்லாம் மின்னுருவாக்கி உலகோர் காண வைக்கிறோம்" என்று விண்ணப்பித்தாலோ உதவ முன்வருவோர் உண்டு. கூரைச் செலவுக்கு முடிவில்லை. இணையதளத்தை ஓராண்டில் முடித்து அறிக்கையில் படத்தோடு காட்டிவிடலாம். இதைக் குறையாகச் சொல்லவில்லை; பொருள் தருவோர் கணக்குக் கேட்பது நியாயமே. அவ்வாறு புதுப்பிக்கப்படும் தளத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் கீழே இடம்பெறும் நான்கு வரிகளை எழுதுவது யார்? எந்த மொழியில்? யாருக்காக? பொருளுதவி முடிந்தபின் அவ்வரிகள் யாரிடம் தங்கும்? தரங்கம்பாடிக்கு இவை புதிய வினாக்கள் அல்ல. முந்நூறு ஆண்டுகளாக அவ்வூர் இவற்றுக்கு விடை சொல்லிக்கொண்டே வந்திருக்கிறது.

அவ்வூரின் ஐரோப்பிய வரலாறு ஓர் ஆவணத்தோடு தொடங்குகிறது. 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கர் டேனியருக்கு அங்கே தங்கி வணிகம் செய்ய இசைவளித்தார். டென்மார்க்கு மன்னருக்கு அவர் பொன்னேட்டில் விடுத்த ஓலை இன்றும் கோபன்கேகன் ஆவணக்காப்பகத்தில் இருக்கிறது. எழுத்து தமிழெழுத்து, ஏடு பொன், இருப்பிடம் டென்மார்க்கு. 1845இல் டேனியர் தரங்கம்பாடியை ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுச் சென்றனர். ஊரை விற்றார்கள், ஆவணங்களை விற்கவில்லை. ஆகவே தரங்கம்பாடியின் கதையை எழுத முற்படும் தமிழர் எவரும் கோபன்கேகனுக்கும் ஹாலேக்கும் ஒருமுறையேனும், நேரிலோ கணினி வழியாகவோ, சென்று திரும்பவே வேண்டியிருக்கிறது.

சீகன்பால்கு வந்தபோது அவருக்குப் பின்னால் மூன்று பணப்பைகள் இருந்தன. டென்மார்க்கு அரசர் நான்காம் பிரடெரிக்கின் பை ஒன்று. ஹாலேயில் ஏதிலிச் சிறுவருக்கு இல்லமும் பள்ளியும் நடத்திய பிராங்கே வழியாக ஜெர்மானிய இறைப்பற்றாளர் அளித்த காணிக்கை மற்றொன்று. இலண்டனில் ஆங்கிலேயர் நடத்திய கிறித்தவ அறிவு வளர்ச்சிச் சங்கத்தின் உதவி மூன்றாவது. அச்சுப்பொறியை அனுப்பியது அவ்வாங்கிலச் சங்கமே. அப்பொறியை ஏற்றிவந்த கப்பல் பிரெஞ்சுக்காரர் கையில் சிக்கியது. உடன்வந்த அச்சர் தரங்கம்பாடியை அடையுமுன்னரே இறந்தார். ஒருவழியாய்ப் பொறி வந்து சேர்ந்தது. அதன்பின் ஹாலேயில் வார்க்கப்பட்ட தமிழ் எழுத்துகளும் வந்தன.

அவ்வெழுத்துகள் அளவிற் பெரியவை. புதிய ஏற்பாட்டை அவற்றால் அச்சிட்டால் தாள் கட்டுப்படியாகாது. தமிழை ஓலையிலிருந்து பார்த்துப் பழகாத கைகள், அனுப்பிவைக்கப்பட்ட மாதிரியைக் கொண்டு வார்த்த எழுத்துகள் வேறெப்படி இருக்கும்? மறைத்தொண்டர்கள் அவற்றை ஒதுக்கிவிட்டு, இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்துக்கொண்டனர். அதற்கு வேண்டிய ஈயம், இங்கிலாந்திலிருந்து பாலாடைக்கட்டி அடைத்து வந்த உறைகளை உருக்கிப் பெற்றது என்பர். அருகிலிருந்த பொறையாற்றில் தாள் ஆலையும் எழுந்தது. புதிய ஏற்பாட்டின் முதற்பகுதி 1714இலும் முழுமை 1715இலும் வெளிவந்தன. பொறியும் பொருளும் அயலார் தந்தவை. ஆயினும் இங்கு வார்த்த எழுத்தே இங்குப் படிக்கப்பட்டது.

நம் கத்தோலிக்க மறைத்தொண்டர்களுக்கும் இதே பட்டறிவு ஒரு நூற்றாண்டுக்கும் முன்னரே வாய்த்திருந்தது. இயேசு சபை அருட்தந்தை என்றிக் என்றிக்கசு அடிகளாரின் தம்பிரான் வணக்கம் 1578இல் கொல்லத்தில் அச்சேறியபோது, முந்திய ஆண்டு கோவாவில் வார்த்த தமிழெழுத்து இருக்கவே, கொல்லத்தில் மீண்டும் புதிதாக வார்த்தனர். எழுத்து வார்ப்பில் முதல் முயற்சி பெரும்பாலும் தொலைவிலும், சரியான முயற்சி அருகிலும் நடக்கும் போலும்!

இதே கதை கணினியிலும் நிகழ்ந்ததை நம்மில் பலர் கண்ணாரக் கண்டோம். 1990களின் பிற்பகுதியில் தமிழில் இணையப்பக்கம் அமைத்த நிறுவனங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வோர் எழுத்துருவைக் கையாண்டன. ஒன்றன் எழுத்துருவில் எழுதியதை மற்றொன்றால் படிக்க இயலவில்லை. 1999இல் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாடு விசைப்பலகைக்கும் குறியீட்டுக்கும் ஒரு நெறி வகுக்க முயன்றது. 2010இல் தமிழக அரசு யூனிகோடு முறையை ஏற்றது. அதற்குள் பல்லாயிரம் பக்கங்கள், எழுத்துரு மறைந்துபோனமையால், பொருளற்ற குறிகளாய் மாறிவிட்டன. 1998 பொங்கலன்று தன்னார்வலர்கள் தொடங்கிய மதுரைத் திட்டம் மட்டும் தன் நூல்களை ஒரு குறியீட்டிலிருந்து மற்றொன்றுக்கு இடைவிடாது மாற்றி மாற்றிக் காத்துக்கொண்டது. அதற்குப் பெருங்கொடையாளர் எவரும் இல்லை; நூல்களைத் தமதென்று எண்ணி உழைத்த ஆள்கள் இருந்தனர். இணையதளத்தைப் புதுப்பிக்கும் அருங்காட்சியகம் முதலிற் கேட்க வேண்டியது, "பக்கம் அழகாயிருக்கிறதா?" என்பதன்று. "இதிலுள்ள எழுத்தும் படமும் பட்டியலும், இதை அமைத்துத் தந்த நிறுவனம் நாளை இல்லாமற்போனாலும் எடுத்து வேறிடத்தில் வைக்கத்தக்கனவா?" என்பதே.

பட்டியல் என்றோம். தரங்கம்பாடியில் எழுந்தவற்றுள் நம் நெஞ்சை மிகவும் கவர்வது தேவாலயமோ அச்சகமோ அன்று, ஒரு பட்டியலே. சீகன்பால்கு வந்த இரண்டே ஆண்டுகளில், 1708இல், தாம் திரட்டிய தமிழ் நூல்களுக்குப் பட்டியல் ஒன்று எழுதினார். ஆளனுப்பி ஊர் ஊராகத் தேடச் செய்தும், பிராமணக் கைம்பெண்களிடம் விலைகொடுத்தும் ஓலைச்சுவடிகளைச் சேர்த்திருந்தார். தம் சபை நூல்கள், கத்தோலிக்க நூல்கள், இந்நாட்டுச் சமயத்தாரின் நூல்கள், இசுலாமியர் நூல்கள் என நான்காகப் பகுத்தார். மூன்றாம் பிரிவில் மட்டும் 119 நூல்கள். ஒவ்வொன்றன் பெயரையும் எழுதி, அதில் என்ன இருக்கிறது, யார் அதைப் படிக்கிறார்கள், பள்ளிகளில் எது பயிலப்படுகிறது என்றெல்லாம் குறிப்பு வரைந்தார். வந்து இரண்டாண்டே ஆன இளைஞர் ஒருவர், தாம் மாற்ற வந்த மக்களின் நூல்களை இவ்வளவு பொறுமையோடு எண்ணி எழுதியிருப்பது வியப்புக்குரியது. அவர் நம் திருச்சபையினரோடு முரண்பட்டதும், நம்மவர் அவரோடு முரண்பட்டதும் வரலாறு. ஆயினும் கிறித்தவச் சொற்களைத் தமிழிற் கையாள அவர் கற்றுக்கொண்டது இயேசு சபையாரின் நூல்களிலிருந்தே என்பதை அப்பட்டியலின் இரண்டாம் பிரிவு சொல்லாமற் சொல்கிறது. சுவடிகள் காலப்போக்கிற் சிதறின, பட்டியல் நின்றது. முந்நூறு ஆண்டுக்கு முன் சோழநாட்டுக் கடற்கரையில் எந்நூல்கள் வழங்கின என்று அறிய விரும்பும் தமிழறிஞர் இன்று அப்பட்டியலையே நாடுகின்றனர்.

எனினும் அப்பட்டியல் யாருக்காக எழுதப்பட்டது? ஜெர்மன் மொழியில், ஜெர்மானியருக்காக எழுதப்பட்டது. ஊரார் அதைப் படித்திருக்க இயலாது. இதனினும் உறுத்துவது பிறிதொன்று. 1712 முதல் 1714 வரை மறைத்தொண்டர்கள் தமிழரிடம் வினாக்கள் அனுப்பி விடைமடல்கள் பெற்றனர். வழிபாடு, திருமணம், கல்வி, மருத்துவம், ஐரோப்பியரின் ஒழுக்கம் பற்றித் தமிழர் எழுதிய அம்மடல்களில் 99 மடல்கள் ஜெர்மனில் பெயர்க்கப்பட்டு, ஹாலே அறிக்கைகளில் அச்சாயின. கிறித்தவர் என்போர் குடித்துக் கூத்தாடுவதைக் கண்டு எவ்வாறு உம் மறையை மதிப்போம் என்னும் கருத்துப்பட வெளிப்படையாகக் கேட்கும் மடல்களும் அவற்றுள் உண்டு. ஐரோப்பிய வாசகர் அவற்றை ஆவலோடு படித்தனர். ஆனால் எழுதியவர்களின் பெயர்கள் அச்சில் இல்லை. தமிழ் மூலமும் நம் கைக்கு எட்டவில்லை, மொழிபெயர்ப்பே எஞ்சியது. மறைத்தொண்டருக்கு மொழித்துணையாய் இருந்து, அதன் பொருட்டே இன்னலுற்ற ஒருவரை ஜெர்மானிய ஏடுகள் 'அலெப்பா' என்று குறிக்கின்றன. அழகப்பன் என்பதன் திரிபாகலாம். ஒரு மனிதரின் பெயரைக்கூட அயலெழுத்திலிருந்து உய்த்துணர வேண்டிய நிலை!

இன்றைய இணையதளங்களிலும் இவ்வழக்கு மாறிவிடவில்லை. "வெண்கல விளக்கு, 18ஆம் நூற்றாண்டு, இன்னார் நன்கொடை" என்று எழுதுவர். விளக்கை வார்த்த கம்மியர் எவ்வூரார், அவ்விளக்கு எவ்வகையினது, அதை ஏற்றியவர் யார், எந்நாளில் ஏற்றினர் என்பதை எழுதார். பொருளைத் தந்தவர், திரட்டியவர், பணம் கொடுத்தவர் ஆகிய மூவர் பெயரும் இருக்கும். குத்துவிளக்கும் தூண்டாமணி விளக்கும் ஒரே 'விளக்கு' ஆகிவிடும். தரங்கம்பாடி மீனவர் வீட்டுப் பிள்ளை ஒருத்தி தன் பாட்டி சொல்லும் சொல்லைத் தமிழில் தட்டித் தேடினால், அவ்வூர் அருங்காட்சியகத்திலேயே இருக்கும் பொருள் அவளுக்கு அகப்படாது. அகப்படாத பொருள் இல்லாத பொருளுக்கு ஒப்பானது. 2004ஆம் ஆண்டு திசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை அடித்த கரை அது. எத்தனை வீட்டு நினைவுகளை அது வாரிச் சென்றது என்பதை அப்பகுதியிற் பணியாற்றிய குருக்கள் அறிவர். அவர்களுக்கு எஞ்சிய நினைவுகள் அவர்கள் மொழியிலேயே பதிவாக வேண்டாமா?

பொருள் தருவோர் கருத்தையும் சேர்த்துத் தருவர் என்பதற்கும் தரங்கம்பாடியே சான்று. 1713இல் சீகன்பால்கு தென்னாட்டுத் தெய்வங்களைப் பற்றி விரிவானதொரு நூல் எழுதி ஹாலேக்கு அனுப்பினார். புறச்சமயத்தை வேரறுக்கவே உம்மை அனுப்பினோம், அதை ஐரோப்பாவில் பரப்புதற்கு அன்று எனும் பொருள்பட பிராங்கே மறுமொழி கூறியதாகச் சொல்வர். நூல் பெட்டியிற் கிடந்தது. 1867இல்தான், அதுவும் நம் சென்னையில், அச்சேறியது. கோபன்கேகனில் 1714இல் நிறுவப்பட்ட மறைத்தொண்டு வாரியத்தின் செயலர் வெண்டு என்பவர், மறைத்தொண்டர் கட்டடங்களில் பணம் போடுவதை வெறுத்தார்; திருத்தூதர்களைப் போல் வெறுங்கையராய் உள்நாட்டில் அலைந்து போதிக்க வேண்டுமென்றார். கோட்பாடு உயர்ந்ததுதான். வெயிலையும் மழையையும் பள்ளிப் பிள்ளைகளையும் காணாமல், மேசையின் முன் அமர்ந்து எழுதப்பட்டது என்பதே அதன் குறை. 1718இல் புதிய எருசலேம் ஆலயத்தை எழுப்பி முடித்த சீகன்பால்குவுக்குக் கடுஞ்சொல் மடல்கள் வந்தன. நோயுற்றிருந்த அவர் 1719 பெப்ருவரி 23ஆம் நாள், முப்பத்தாறு அகவையில், காலமானார். அம்மடல்களே அவரைக் கொன்றன என்று சொல்வது மிகை. அவை அவரை உடைத்தன என்பதை மறுப்பாரும் இலர்.

இவ்விடத்தில் திருத்தூதர் பவுல் நினைவுக்கு வருகிறார். மாசிதோனியாவிலும் கொரிந்திலும் அவர் நிதி திரட்டினார், எருசலேம் இறைமக்களுக்காக. நம் திருச்சபை வரலாற்றில் வெளியார் பொருளுதவித் திட்டம் என்றால் முதல் திட்டம் அதுவே எனலாம். கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தின் எட்டாம், ஒன்பதாம் அதிகாரங்களைப் படித்தால், பணத்தைக் கொண்டுசெல்ல நம்பிக்கைக்குரியோர் பலரை உடன் அனுப்பி, எவரும் குறைகூற இடமின்றி அவர் நடந்துகொண்டதைக் காணலாம். கணக்கு அவருக்கு இழிவன்று. அன்பின் ஒரு பகுதி. ஆனால் உரோமையருக்கு எழுதுகையில் அவர் இன்னொரு கணக்கையும் திறக்கிறார். பிற இனத்தார் எருசலேமியருக்குக் கடன்பட்டவர்கள். ஆவிக்குரிய கொடைகளைப் பெற்றுக்கொண்டமையால் உடைமைகளில் பங்களிப்பது அவர்தம் கடமை என்கிறார். அதாவது, பெறுவோர் மட்டுமன்று, தருவோரும் கடனாளிகள். இப்பார்வை நம்மிடம் இருக்குமாயின், ஹாலேயோ கோபன்கேகனோ தரங்கம்பாடிக்குத் தருவதைப் பிச்சையெனக் கருத வேண்டியதில்லை. ஹாலேயின் அரும்பொருட் கூடத்தில் 'மலபார்' பொருள்களுக்கென்றே ஓர் அலமாரி இருக்கிறது; தமிழரையே அன்று அவ்வாறு அழைத்தனர். அந்நகரத்தின் காப்பகமும் நூலகமும் தமிழ்நாட்டிலிருந்து சென்ற மடல்களாலும் ஓலைகளாலும் பெருமை பெற்றவை. அவர்கள் அறிக்கைகளை மின்னுருவாக்கி எல்லாரும் காணத் திறந்துவைத்தது நல்ல காரியம். அதைக் கடன் தீர்ப்பின் தொடக்கம் என்று சொன்னால் அந்நாட்டு நண்பர்கள் தவறாகக் கொள்ளமாட்டார்கள் என்று நம்புகிறோம்.

கடன்பட்டோர் என்னும் உணர்வு விதிகளாக மாறிய இடமும் உண்டு. பிரித்தானிய நூலகம் 2004 முதல், ஆர்க்கேடியா என்னும் அறநிறுவனத்தின் பொருளுதவியோடு, அழிவின் விளிம்பிலுள்ள ஆவணங்களைக் காக்கும் திட்டமொன்றை நடத்துகிறது. தமிழகத்திலும் புதுச்சேரிப் பிரெஞ்சு நிறுவனத்தின் வழியாக அதில் பணிகள் நடந்தன. மூல ஆவணம் சொந்த நாட்டை விட்டு வெளியேறலாகாது. மின்படிகளுள் ஒன்று உள்ளூர் நிறுவனத்தில் இருக்க வேண்டும் என்பன அதன் விதிகள். நாயக்கரின் பொன்னேட்டுக்கு இவ்விதி இருந்திருந்தால்! இங்குள்ள விதிகளையும் மறத்தல் கூடாது. வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் 1976இல் வந்தது; 2010இல் புதிதாக எழுதப்பட்டது; 2020இல் மேலும் இறுக்கப்பட்டது. பதிவுபெற்ற அமைப்பு, புதுதில்லி பாரத வங்கிக் கிளையில் அதற்கென ஒதுக்கிய கணக்கு வழியாகவே அயல்நாட்டுப் பணத்தைப் பெற முடியும். பெற்றதை வேறோர் அமைப்புக்குக் கைமாற்ற இயலாது. நிருவாகச் செலவு ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டலாகாது. பெரிய நிறுவனம் ஒன்று பெற்று அண்டையிலுள்ள சிற்றருங்காட்சியகத்துக்குப் பகிர்ந்தளிக்கும் பழைய வழி இதனால் அடைபட்டது. உள்நாட்டிலே 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டம், பெருநிறுவனங்கள் இலாபத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கைச் சமூகப் பணிக்குச் செலவிடுமாறு சொல்லி, பண்பாட்டு மரபுகளைக் காப்பதையும் அப்பணிகளுள் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. அயல்நாடு என்று மட்டும் எண்ணாமல் அண்டை ஆலையின் கதவையும் தட்டலாம்.

பட்டியலின் அருமையை நமக்கு உணர்த்தியோர் நம் குருக்களே. தவத்திரு தனிநாயகம் அடிகளார் 1950களில் ஐரோப்பிய நூலகங்களைத் தேடிச் சென்றிராவிட்டால், அங்கே உறங்கிக்கொண்டிருந்த பழந்தமிழ் அச்சு நூல்களைப் பற்றி நாம் இன்னும் காலந்தாழ்ந்தே அறிந்திருப்போம். 1679இல் அம்பலக்காட்டில் அச்சான புரோயென்சா அடிகளாரின் தமிழ்–போர்த்துக்கீசிய அகராதியை வத்திக்கான் நூலகத்தில் கண்டு, 1966இல் மலாயாப் பல்கலைக்கழகத்தின் வழி மறுபதிப்பாகக் கொணர்ந்தார். என்றிக்கசு அடிகளாரின் அடியார் வரலாற்றை 1967இல் தூத்துக்குடியிலிருந்து இயேசு சபை இராசமாணிக்கம் அடிகளார் வெளிக்கொணர்ந்தார். நூல்கள் அயல்நாட்டில் இருந்ததனால் பிழைத்தன என்று சிலர் வாதிடுவர். அதில் உண்மையில்லாமல் இல்லை. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அத்தீயைக் கண்ட அதிர்ச்சியில் பன்மொழிப் புலவர் தாவீது அடிகளார் உயிர்நீத்தார். ஒரே இடத்தில் ஒரே படியாய் இருப்பது எத்துணை இடருடையது என்பதற்கு அதனினும் கொடிய சான்று வேண்டியதில்லை. அவ்விழப்பின் நினைவோடு 2005இல் ஈழத்தமிழ் இளைஞர் தொடங்கிய நூலகம் என்னும் மின்னூலகம், புலம்பெயர்ந்தோரின் கொடையாலும் தன்னார்வலர் உழைப்பாலும் வளர்ந்தது. அங்கும் வெளியிலிருந்தே பணம் வருகிறது. ஆனால் தலைப்பும் குறிப்பும் பொருளடைவும் தமிழில் இருக்கின்றன. தருவோரும் எழுதுவோரும் படிப்போரும் ஒரே மொழியினர். தரங்கம்பாடிக்கு வாய்க்காதது அது.

சென்னையிலும் நமக்கென ஒரு மண் உண்டு. 1606இல் மறைமாவட்டமான மயிலைச் சாந்தோமில், 1920களில் இயேசு சபை ஹோஸ்டன் அடிகளார் பேராலயத்தைச் சுற்றி மண்ணைக் கிளறிக் கல்வெட்டுகளையும் சிற்பத் துண்டுகளையும் போர்த்துக்கீசியர் கல்லறைக் கற்களையும் திரட்டினார். கிறித்தவக் கற்களை மட்டும் எடுத்து மற்றவற்றை எறிந்துவிடவில்லை. கிடைத்தவற்றையெல்லாம் குறித்துவைத்தார், அது 1936இல் நூலாயிற்று. பேராலயத்தை ஒட்டிய சிறிய அருங்காட்சியகத்தைக் காணும் திருப்பயணிகள் புனித தோமாவைப் பற்றிய பொருள்களையே தேடுவர், அது இயல்பு. ஆனால் அம்மண்ணில் யார் யார் வழிபட்டனர், யார் யார் கல்வெட்டினர் என்ற நெடுங்கதையைச் சொல்வதற்கு ஹோஸ்டன் அடிகளாரின் குறிப்புகள் போன்றவையே துணை. அவற்றைத் தமிழில், பொருளுக்குப் பொருள், எளிய சொற்களில் தரும் பணி ஒன்று அம்மறைமாவட்டத்து அறிஞர்களுக்காகக் காத்திருக்கிறது.

திருச்சபை இதைப் பற்றி வாளாவிருக்கவில்லை. பண்பாட்டு உடைமைகளுக்கான திருப்பீட ஆணையம் 1997இல் ஆவணக்காப்பகங்களைப் பற்றியும், 1999இல் பொருட்பட்டியல் தயாரிப்பதன் உடனடித் தேவையைப் பற்றியும், 2001இல் அருங்காட்சியகங்களைப் பற்றியும் சுற்றுமடல்கள் விடுத்தது. ஆவணத்தையும் அரும்பொருளையும் காப்பதை மேய்ப்புப் பணியின் பகுதியாகவே அவை காண்கின்றன. சிறையிலிருந்த பவுல், குளிருக்குப் போர்வையோடு நூல்களையும், சிறப்பாகத் தோற்சுருள்களையும் கொண்டுவருமாறு திமொத்தேயுவைக் கேட்டதை இம்மடல்களோடு சேர்த்து எண்ணிப் பார்க்கின்றோம். சாவை எதிர்நோக்கியிருந்தவருக்குக்கூடத் தோற்சுருள் தேவைப்பட்டது.

இவ்வளவையும் கே.கே. நகர் போன்ற ஒரு பகுதியில் இருந்துகொண்டு எழுதும்போது, "இங்கே என்ன வரலாறு?" என்று நம் பங்கு மக்கள் சிலர் நகைப்பது காதில் விழுகிறது. 1970களில் வீட்டுவசதி வாரியம் மனை பிரித்து எழுப்பிய நகர் இது. அன்றைய முதல்வர் பெயரைத் தாங்கியது. கோட்டை இல்லை, கல்வெட்டு இல்லை. ஆயினும் அண்மையிலுள்ள தியாகராய நகரும் ஒரு காலத்தில் மாம்பலத்து நீண்ட ஏரியாய் இருந்ததே, 1920களில்தானே நகராயிற்று! இங்கு முதலில் குடிவந்தோரின் ஒதுக்கீட்டு ஆணைகள், வாடகைத் தவணைச் சீட்டுகள், முதல் திருப்பலிக்குக் கூடியோரின் நிழற்படங்கள் யாவும் இன்னும் வீட்டு இரும்புப் பெட்டிகளில் இருக்கின்றன. 2015 திசம்பர் வெள்ளத்தில் அடையாற்றங்கரைப் பகுதிகளெல்லாம் நீரில் நின்றபோது எத்தனையோ குடும்பங்கள் சான்றிதழ்களைக் கொடியில் உலர்த்தின. இழந்தோருக்கு மாற்றுப்படி வழங்க அரசு தனி முகாம்களே நடத்த வேண்டியிருந்தது. கணினித் துறையிற் பணிபுரியும் நம் பங்கு இளைஞர் ஒருவர் அண்மையில் சொன்னார்: "சுவாமி, இந்தப் படங்களையெல்லாம் ஸ்கேன் செய்ய ஒரு வாரம் போதும். படத்தில் நிற்பவர்கள் யார் என்று எழுத ஒரு வருடம் ஆகும். சொல்லக்கூடிய பெரியவர்கள் அதுவரை இருக்கவேண்டும்." நன்கொடை விண்ணப்பங்களில் அந்த ஒரு வாரத்துக்குத்தான் பெரும்பாலும் பணம் கேட்கிறோம், அந்த ஓராண்டைக் கேட்க மறந்துவிடுகிறோம். வேறோர் ஊரில் அவ்வாறு எழுந்து, மூன்றாண்டுத் திட்டம் முடிந்ததும் தளப்பெயருக்கு ஆண்டுக் கட்டணம் கட்ட ஆளின்றி மறைந்த இணையதளம் ஒன்றை நாம் அறிவோம். கட்டணம் பெருந்தொகை அன்று. அதற்கென்று கணக்கேட்டில் ஒரு வரி இல்லை, அவ்வளவே.

எல்லாவற்றையும் இணையத்திலிட வேண்டுமென்று சொல்லவில்லை. திருமுழுக்கு, திருமணப் பதிவேடுகளில் உயிரோடிருப்போரின் மறைவான செய்திகள் உண்டு. அவை காப்பறையில் இருக்கவேண்டியவை. ஆலயத்து வெள்ளிக் கதிர்ப்பாத்திரத்தின் எடையையும் அது பூட்டப்படும் இடத்தையும் உலகறிய எழுதுவதும் அறிவுடைமையாகாது. எதைத் திறப்பது, எதை மூடுவது என்று முடிவு செய்யும் உரிமை பொருள் தருவோரிடம் அன்று, உள்ளூராரிடம் இருக்கவேண்டும் என்பதை உடன்படிக்கையில் முதலிலேயே எழுதிக்கொள்வது நல்லது.

நம் பங்கில் தொடங்கியிருப்பது ஒரு நீள நோட்டுப் புத்தகம். பொருளின் பெயர், மக்கள் அதற்கு வழங்கும் பெயர், செய்பொருள், அளவு, தந்தவர், செய்தவர், அதைப் பற்றிச் சொன்னவர், சொன்ன நாள் என்று எட்டுக் கட்டங்கள். திருச்சபைச் சட்டத்தின் 1283ஆம் எண், இத்தகைய பட்டியலின் ஒரு படி நிருவாகக் காப்பகத்திலும் மற்றொரு படி ஆயரகக் காப்பகத்திலும் இருக்கவேண்டும் என்கிறது. மூன்றாவது படியை, திறக்கத்தக்க பகுதிகளை மட்டும், தமிழிலே இணையத்தில் வைப்பதற்குச் சட்டம் தடை எதுவும் சொல்லவில்லை.